நூறு டிகிரிக்கு முன்பே கொதிக்கும் நீர்

பல்புக்குள் நுழையும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது என்று நம்பும் மாணவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கரும்பலகையில் எத்தனை முறை சுற்றுப்படம் வரைந்தாலும் அந்த நம்பிக்கை எளிதில் அசைவதில்லை. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் மின்சுற்று சிமுலேஷன் அதை அசைத்துவிடுகிறது. பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே நெருக்கத்தில், ஒரே வேகத்தில் நகர்வதை மாணவி தன் கண்ணாலேயே பார்க்கிறாள். இன்னொரு பல்பைத் தொடராக இணைத்தால் எல்லாமே மெதுவாகின்றன. 2005-இல் அதே பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஓர் ஆய்வு வியப்பானது. உண்மையான கருவிகளோடு பயின்றவர்களைவிட இந்த சிமுலேஷனில் பயின்றவர்கள், நிஜக் கம்பியையும் பல்பையும் கொண்டு சுற்று அமைப்பதில்கூடச் சிறந்திருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதில் இதற்கு இணையான கருவி வகுப்பறைக்கு இதுவரை வந்ததில்லை என்பேன். கட்டணம் இல்லை. தமிழிலும் கிடைக்கிறது. ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையமின்றி இயங்கும். சேர்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் எலக்ட்ரான்களாகத் திரையில் நகரும் அதே புள்ளிகள் ஒரு புதுப் பிழையையும் விதைக்கின்றன. திரையில் எலக்ட்ரான்கள் விரைந்து ஓடுகின்றன. வீட்டுக் கம்பியிலோ அவை சராசரியாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது எலக்ட்ரான் ஓடிவந்து சேர்வதால்தான் என்று மாணவி எழுதினால், தவறு அவளுடையதன்று. ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்திப் பேசியிருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. எழுதியவர் சேர்த்த விதிகளுக்கு வெளியே சிமுலேஷன் எதையும் சொல்லாது. உதாரணத்துக்கு, சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநிலை 100 என்று காட்டும் அனிமேஷனை மட்டும் பார்த்த பிள்ளை, ஆய்வகத்தில் வெப்பமானி 95 காட்டினால் கருவியைத்தான் சந்தேகிக்கும். ரெக்கார்டு நோட்டில் 100 என்று எழுதிவிடும். அங்கே இயற்பியல் கைநழுவிப் போகிறது. ஏன் 95 என்று கேட்ட பிறகு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிமுலேஷனைத் திறந்தால் அதே பிள்ளை விடையைத் தானே கண்டுபிடிக்கும்.

ஆற்றல் மாறாமைக்கும் இது பொருந்தும். ஃபெட்டின் சறுக்குத் திடலில் உராய்வைச் சுழியாக்கினால், சறுக்குபவர் கிளம்பிய உயரத்துக்கே திரும்பிவிடுவார். அந்த லட்சிய நிலையை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் 10 டன் பேருந்து ஒன்று ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கும்போது உயரத்தில் 1,200 மீட்டரை இழக்கிறது. அதாவது சுமார் 12 கோடி ஜூல். அந்த ஆற்றல் எங்கே போனது? ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பாமல் ஏன் சிறிய கியரில் இறங்குகிறார்? மலைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கும் இந்தக் காட்சி பாடமாகாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சிமுலேஷனை யார் இயக்குகிறார் என்பதும் முக்கியம். பெரிய திரையில் ஆசிரியர் இயக்க, வகுப்பு வேடிக்கை பார்ப்பதும் சிமுலேஷன் வகுப்பாகவே கணக்கில் சேர்கிறது. பார்ப்பதற்கு மட்டுமான அனிமேஷன், நல்ல நிலைப்படத்தைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று பார்பரா ட்வெர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2002-லேயே காட்டினார்கள். காட்சி வேகமாகக் கடந்துபோகிறது. யோசிக்க நேரம் இருப்பதில்லை. மாணவர் கையில் மவுஸ் இருந்தால்தான் நிறுத்தலாம், திரும்பப் போகலாம், வேண்டுமென்றே தப்பாக இணைத்தும் பார்க்கலாம்.

நம் அறிவியல் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பக்கங்கள் இந்த வகையில் பாதித் தூரமே வந்திருக்கின்றன. உரலியும் அழுத்த வேண்டிய பொத்தானும் படிப்படியாக அங்கே இருக்கின்றன. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லும் கேள்விதான் பெரும்பாலும் இல்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கையால் சோதனை செய்ய வைக்கிறது. அந்தச் சோதனையும் இந்தத் திரையும் ஒரே பாடவேளைக்குள் வர வேண்டும்: முதலில் ஊகம், அடுத்து வெப்பமானியோ பேட்டரியோ, அதன் பிறகே கணினி. இரண்டும் வேறு வேறு விடை சொன்னால், மணி அடிக்கும்வரை அதைப் பற்றியே பேசலாம்.