குரல் யாருடையது?

பிரிட்டனின் கராஜ் இசையைப் பற்றி எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1990களின் நடுவில் லண்டன் நடன அரங்குகளில் ஜங்கிள் என்ற அதிவேக இசை மேலும் மேலும் இருண்டு இறுகியது. பெண்கள் அந்தக் கூடத்தை விட்டுப் பக்கத்துக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே அமெரிக்காவிலிருந்து வந்த இனிமையான கராஜ் பாடல்களை வேகம் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் போன இடத்துக்கு ஆண்களும் போனார்கள். இசையின் போக்கே மாறியது. விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் 1999இல் இதைப் பெண்களின் அழுத்தத்தால் உருவான இசை என்றே எழுதினார்.

பெண்களின் ரசனை ஒரு கலைவடிவத்தையே திருப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் விமர்சனம் அரிது. எனவே இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதற்குள் பெண்கள் ஆடுகிறார்கள், இடம் மாறுகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. பெயர் இசைத்தட்டைச் சுழற்றியவனுக்கும் கணினியில் கோத்தவனுக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இசையின் வட்டார வேறுபாடுகளை விளக்குவது எளிது. கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது தொல்காப்பியம். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலத்துக்கொரு பறையை உரைகாரர்கள் வகுத்தார்கள். மண் மாறினால் அடி மாறும் என்பது நமக்குப் பழைய செய்தி. கராஜ் என்ற பெயரே நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜ் என்ற அரங்கிலிருந்து வந்தது. லண்டனுக்கு வந்ததும் அதன் நடை மாறியது. நான்கு அடியும் சீராக விழுந்த இடத்தில் இரண்டாவதையும் நான்காவதையும் விட்டுவிட்டுத் தாவுகிற டூ-ஸ்டெப் பிறந்தது. விடுபட்ட அந்த அடியில்தான் இடுப்பு அசைகிறது. வடக்கே ஷெஃபீல்டிலும் லீட்ஸிலும் நான்கு அடியையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். அடியாழத்துக் கீழ்ச்சுருதியை மட்டும் வளைத்து, முறுக்கி, மார்புக்கூடு அதிரும் அளவுக்குப் பெருக்கினார்கள். அதற்குப் பேஸ்லைன் என்று பெயர். அதன் தாய்வீடு 1992இல் ஷெஃபீல்டில் தொடங்கிய நிஷ் என்ற அரங்கு. 2005 நவம்பரில் காவல்துறை பெரும்படையோடு சோதனையிட்டபின் அது மூடப்பட்டது. அரங்கு போனாலும் பாட்டு நிற்கவில்லை.

இந்த இரண்டு வட்டாரங்களிலிருந்தும் ஒவ்வொரு பாடலை எடுத்துக்கொள்வோம். 1999இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்த டூ-ஸ்டெப் பாடல் 'ஸ்வீட் லைக் சாக்லேட்'. அது ஷேங்க்ஸ் அண்ட் பிக்ஃபுட் என்ற இரு ஆண் தயாரிப்பாளர்களின் பெயரில் வந்தது. உலகம் முணுமுணுத்த அந்தக் குரல் ஷரோன் வுல்ஃப் என்ற பெண்ணுடையது. 2007இல் பேஸ்லைனை நாடெங்கும் கொண்டுபோன பாடல் 'ஹார்ட்புரோக்கன்'. பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. தயாரித்தவர் டி2. பாடியவர் ஜோடி ஆய்ஷா. அவர் பெயர் 'உடன் பாடியவர்' என்ற வரிசையில் வந்தது. தன் குரலைத் தன் ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டதாக அவர் பதிவு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 2014இல் இழப்பீட்டையும் நிர்ணயித்தது. பெண்மையின் இசை என்று புகழப்பட்ட வடிவத்தில், ஒரு பெண் தன் குரல் தன்னுடையது என்று நிறுவ நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

பெண்மை என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அது இசைக்கு அடைமொழியாகிறது. இனிமை, குழைவு, நெகிழ்ச்சி என்று விரிகிறது. அடைமொழியாகிவிட்ட பெண்ணுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை, உரிமைப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. ஆற்றுப்படை நூல்களில் விறலியின் கூந்தல் முதல் அடிவரை வருணனை உண்டு. பெரும்பாலும் அவளுக்குப் பெயர் மட்டும் கிடையாது.

இந்த வரலாற்றுக்குள் ஒரு தமிழ்ப்பெண் நுழைகிறார். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரிலிருந்து தப்பித் தாயோடும் உடன்பிறந்தோரோடும் பத்து வயதையொட்டி லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாயா ஒரு சிறு தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு தானே அடிகளைக் கோத்தார். 2003இல் ஐந்நூறு பிரதிகளாக வந்த 'கலாங்' பாடலில் அவரோடு வேலை செய்தவர்கள் ஷெஃபீல்டைச் சேர்ந்த ராஸ் ஆர்ட்டனும் ஸ்டீவ் மேக்கியும். 2005இல் முதல் தொகுப்பு, தந்தையின் பெயரில் 'அருளர்'. 2007இல் இரண்டாவது, தாயின் பெயரில் 'கலா'.

அங்கீகாரம் வந்தது. கூடவே பழைய வழக்கமும் வந்தது. 'அருளர்' இசையின் மூளை டிப்லோ என்ற அமெரிக்க ஆண் தயாரிப்பாளர்தான் என்று பலர் எழுதினார்கள். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி முடிந்த பிறகே அவரைச் சந்தித்ததாக 2007இல் ஒரு நேர்காணலில் மாயா கோபத்தோடு சொன்னார். தாளப்பெட்டி ஒரு பெண்ணின் கையில் இருந்ததை விமர்சகர்களால் பார்க்க முடியவில்லை. பெண் பாடுவாள், அடி ஆணுடையது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது.

மாயாவின் பக்கம் நிற்கும் நான் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அமெரிக்கா விசா தர மறுத்ததால் 'கலா' பல நாடுகளில் உருவானது. அதற்காகச் சென்னையில் உருமி பதிவு செய்யப்பட்டது. 'பேர்ட் ஃப்ளூ'வில் ஒலிப்பது அந்த அதிர்வுதான். உருமியின் ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல், ஷெஃபீல்ட்காரர்கள் கணினியில் முறுக்கிய கீழ்ச்சுருதிக்கு மூத்த உறவு. லண்டன்காரர்கள் தேடிக்கொண்டிருந்த ஆழம் நம் திருவிழாக்களிலும் சாவு வீடுகளிலும் தலைமுறைகளாக இருந்தது. அதைக் காத்தவர்கள் தலித் கலைஞர்கள். ஆனால் 'கலா'வைப் பற்றிய பேச்சில் அவர்கள் 'தமிழ்நாட்டுத் தாளக்காரர்கள்' என்ற ஒரே சொல்லாகக் கரைந்துபோகிறார்கள். தன் பெயருக்காகப் போராடிய பெண்ணின் தொகுப்பிலும் பெயர்கள் ஏணியின் மேற்படியில்தான் தங்குகின்றன. பாலினத்தை மட்டும் பார்க்கும் விமர்சனத்துக்கு இந்தப் படிகள் தெரியாது. சாதியும் வர்க்கமும் தேசமும் சேர்ந்தே யாருக்குப் பெயர், யாருக்கு எண்ணிக்கை என்பதைத் தீர்மானிக்கின்றன.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு ஷெஃபீல்டைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இங்கே பம்பையும் உடுக்கையும் பெரிய மேளமும் ஒலிக்கின்றன. பெரும்பாலும் அடிப்பவர்கள் ஆண்கள். சாவு வீட்டில் அந்த மேளத்துக்கு நடுவே ஒப்பாரியைக் கட்டுபவள் பெண். இறந்தவரின் வாழ்க்கையை நொடியில் எடுத்து, எதுகை தப்பாமல், அழுகையின் மூச்சு அளவுக்கு வரியை வெட்டிப் பாடுகிறாள். எழுதுகிறவளாக நான் அந்த வேகத்தைப் பொறாமையோடுதான் கேட்கிறேன். பிறகு அது நூலாகிறது. அட்டையில் தொகுத்தவர் பெயர். பாடலுக்குக் கீழே, பல நேரம், ஓர் ஊரின் பெயரும் ஒரு வயதும். சங்கப் பாடலைத் தொகுத்தவர்களாவது, பெயர் தெரியாத புலவருக்கு அவர் எழுதிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று வைத்தார்கள். நாம் அந்த மரியாதையைக்கூட நம் அத்தைகளுக்கும் பாட்டிகளுக்கும் செய்யவில்லை.

கள ஆய்வுக்குப் போகும் மாணவியரிடம் நான் கேட்பது மூன்று. பாட்டுக்கு முன்னால் பாடியவரின் பெயரை அவர் சொல்லும் விதத்தில் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதையும் அவர் முடிவாகவே குறியுங்கள். கைபேசியில் பதியும் முன் அது எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அடித்தவர், பாடியவர், கட்டியவர் மூவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒருவரே இரண்டாக இருக்கலாம், அந்த ஒருவர் பெண்ணாகவும் இருக்கலாம். ஜோடி ஆய்ஷாவுக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. ஒப்பாரி பாடும் பெண்ணுக்கு இப்போதைக்கு இருப்பது உங்கள் குறிப்பேடு மட்டுமே.