மூன்று முறை ஏறியும் ஆசை தீரவில்லை

கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் அங்கே நிற்கும் சாக்வில் என்ற பழைய போர்க்கப்பலுக்காகத்தான். அந்த ஊரில் வேறென்ன பார்க்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள், தெரியாது!

முதல் முறை கரையில் நின்று பார்த்தபோது சப்பென்றுதான் இருந்தது. 205 அடி நீளம். இதையா இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் நடுவே அனுப்பினார்கள்? திமிங்கில வேட்டைக் கப்பலின் அச்சில் வரைந்த கார்வெட் என்ற சிறிய காவல் கப்பல் இது. போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத பட்டறையிலும் மளமளவென்று கட்டிவிடலாம். பிரிட்டன்காரர்கள் இந்த ரகத்துக்குப் பூக்களின் பெயரைச் சூட்டினார்கள். கனடாக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்.

வேகம் 16 நாட். நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியோ 17 நாட் வேகத்துக்கு மேல் போகும். துரத்துகிறவனைவிட ஓடுகிறவன் வேகம்! இந்த லட்சணத்தில் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்கு இதுதான் காவல்.

உள்ளே இறங்கினேன். தலையில் நங்கென்று ஒரு இடி (மூன்று முறையும் அதே இடத்தில்). சுமார் 85 பேர் இதற்குள் இருந்தார்கள். சாப்பிடும் மேசைக்கு மேலேயே தூளி கட்டித் தூங்கினார்கள். கப்பல் உருளுகிற உருட்டில் சோறும் கடல்நீரும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

1942 ஆகஸ்ட் 3-ஐ நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கும். ஓஎன் 115 என்ற கப்பல் கூட்டத்துக்குக் காவல் போகையில், மூடுபனிக்குள் திடீரென்று எதிரே யூ-552! முந்தைய ஆண்டு அமெரிக்காவின் ரூபன் ஜேம்ஸ் நாசகாரிக் கப்பலை மூழ்கடித்த அதே நீர்மூழ்கி. சாக்வில்லின் 4 அங்குல பீரங்கிக் குண்டு அதன் கோபுரத்தைப் பதம் பார்த்தது. அது தட்டுத் தடுமாறி ஊர் போய்ச் சேர்ந்தது. அதே பயணத்தில் யூ-43-ம் இதனிடம் அடிவாங்கியது.

சாக்வில் ஒரு நீர்மூழ்கியைக்கூட மூழ்கடிக்கவில்லையே என்று ஒரு நண்பர் உதட்டைப் பிதுக்கினார். காவல்காரனுக்கு அதுவா ஐயா கணக்கு? காத்த கப்பல்கள் கரை சேர்ந்தனவா என்று கேளுங்கள்!

எனக்குப் பிடித்த இடம் கொதிகலன் அறை. 1944-ல் கொதிகலன் கெட்டது. காவலுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கினார்கள். ஆனாலும் பயிற்சி, கேபிள் பதிக்கும் வேலை, பிறகு கடல் ஆய்வு என்று 1982 வரை உழைத்தது. நல்ல உடம்போடு போரை முடித்த கார்வெட்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. 250-க்கும் மேல் கட்டியதில் இன்று மிச்சம் இந்த ஊனக்காரி ஒருத்திதான். 1985-ல் கனடா இவளைத் தன் கடற்படை நினைவுச் சின்னமாக்கியது.

போகிறவர்கள் கோடையில் போங்கள். எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏணியில் இறங்கும்போது மறக்காமல் குனியுங்கள்.