இடைவெளியை அளப்பவர்கள்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கால் நனைய நின்று பார்த்தால் கடல் ஒரே மட்டமாகத்தான் தெரியும். அது மட்டமில்லை. புவியீர்ப்பு குறைந்த இடத்தில் கடல்நீரும் தாழ்ந்து நிற்கும். இலங்கைக்குத் தெற்கே அந்தத் தாழ்வு நூறு மீட்டருக்கும் மேல். அடையாறும் மயிலாப்பூரும் அந்தப் பெரும் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கின்றன. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் கூசும்.

இந்த ஈர்ப்பை அளக்க 2002-இல் விண்ணுக்குப் போன கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களின் பொறுமை என்னை மயக்குகிறது. அவை படம் எடுக்கவில்லை, கீழே குனிந்து பார்க்கவில்லை. சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றியபடி, தங்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் நுண்ணலையால் ஓயாமல் அளந்துகொண்டே இருந்தன. எதிரே நிறைமிகுந்த மலை வந்தால் முன்னது சற்று இழுபட்டு விரையும், இடைவெளி கூடும். பின்னது நெருங்கியதும் அதுவும் இழுபடும். அந்த ஏற்றத்தாழ்வில் மயிரிழையின் தடிமனைவிடச் சிறிய சில மைக்ரான்களைக்கூடப் பிடித்துவிடும் நுட்பம்! அதிலும் மெல்லிய காற்று உரசிய வேகக்குறைவையும், அலையேற்றம் தந்த இழுப்பையும் கழித்து, ஒரு மாத அளவுகளைச் சேர்த்தால்தான் ஒரு வரைபடம். நம் கரையைச் சுனாமியாக வந்து தாக்கிய 2004 சுமத்ரா நிலநடுக்கம் பூமியின் ஈர்ப்பை மாற்றிய தடமும் அதில் பதிந்தது. மயிலாப்பூர்க் கிணறு ஒன்றின் நீர்மட்டம் கிரேஸுக்குத் தனியாகத் தெரியாது. பல நூறு கிலோமீட்டர் பரப்பில் நிலத்தடி நீர் வற்றினால் தெரியும். 2018 முதல் அடுத்த இணை சுற்றுகிறது, லேசர் ஒளியும் துணைக்கு.