ஐந்தில் வளையாதது

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் பழமொழி. பண்பையும் பழக்கத்தையும் குறித்து வழங்கும் இம்மொழி, உடலுக்கும் பொருந்தும் எனக் காட்டுவது மேலைநாட்டுப் பாலே நடனம். இடுப்பு மூட்டிலிருந்து கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்றல் அதன் அடிப்படை. உடல் இளகியிருக்கும் சிறுவயதிலேயே இப்பயிற்சியைத் தொடங்குவது மரபு. மணமாகி, குழந்தையும் பெற்றபின் அக்கலையை முறையாகப் பயிலப் புகுந்த ஒருத்தியின் கதையே, அமெரிக்க எழுத்தாளர் ஸெல்டா பிட்ஜெரால்டு எழுதி 1932இல் வெளிவந்த 'சேவ் மீ தி வால்ட்ஸ்' என்னும் புதினம். 'எனக்கென ஒரு வால்ட்ஸ் நடனத்தை ஒதுக்கிவை' என்பது அத்தலைப்பின் பொருள்.

கதைத்தலைவி அலபாமா, அமெரிக்கத் தென்மாநிலத்து நீதிபதி ஒருவரின் மகள். ஓவியர் டேவிட் நைட்டை மணந்து பாரிஸ் நகரில் வாழ்கிறாள். தந்தையின் பெயராலும் கணவரின் புகழாலும் அறியப்படும் அவளுக்குத் தனக்கெனச் சொல்லிக்கொள்ள ஒரு தொழில் இல்லை. அந்நிலையில் முன்னாள் உருசிய நடனமணி ஒருவரிடம் மாணவியாகச் சேர்கிறாள். நண்பர்களும் பணமும் இருக்க, நடனம் எதற்கு என்று ஆசிரியை வினவுகிறார். புதினத்தின் உயிர்நாடி இவ்வினாவே. தன்னைத் தானே மெய்ப்பித்துக் காட்டினால் தன்னை அலைக்கழிக்கும் பேய்கள் அகலும், மன அமைதி கிட்டும் என அலபாமா நம்புகிறாள்.

பயிற்சியைச் சித்திரிக்கும் பகுதியே இந்நூலின் சிறந்த பகுதி. கால்கள் வெளிப்புறம் திரும்பவேண்டும் என்பதற்காகக் கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கிடையே பாதங்களைச் செருகிக்கொண்டு அவள் உறங்குகிறாள். வலியும் வியர்வையும் சோர்வும் மறைக்கப்படவில்லை, அழகுபடுத்தப்படவும் இல்லை. முற்பகுதியில் உவமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கதையோட்டத்தைத் தடுக்கின்றன. பயிற்சிக்கூடத்திலோ அவ்வுவமைகளுக்கு உடலின் நோவு பொருளாக அமைவதால், சொல் தன் எடையைப் பெறுகிறது.

பலர் இப்புதினத்தை ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பாகவே படித்துள்ளனர். அதற்குக் காரணமும் உண்டு. 1900இல் பிறந்த ஸெல்டா, சிறுமியாக இருந்தபோது நடனம் பயின்றவர். ஆயினும் 27ஆம் வயதில்தான் தீவிரப் பயிற்சியில் இறங்கினார். பாரிஸில் லியூபோவ் எகோரோவா என்னும் உருசிய நடனமணியிடம் பயின்றார். 1929இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள சான் கார்லோ அரங்கிலிருந்து அழைப்பு வந்தது, அவர் ஏற்கவில்லை. 1930இல் மனநோய்க்கு ஆளானார். 1932இல் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்றவாறே இந்நூலை எழுதி முடித்தார். அச்சான 3,010 படிகளில் விற்றவை 1,392 மட்டுமே.

எனினும், வாழ்வையும் புனைவையும் ஒன்றெனக் கொள்வது திறனாய்வு ஆகாது. இரண்டும் வேறுபடும் இடமே நூலின் கருத்தை உணர்த்துகிறது. ஆசிரியர் ஏற்காத அழைப்பை அலபாமா ஏற்கிறாள். நேப்பிள்ஸ் சென்று மேடையேறுகிறாள். அதற்கு அவள் கொடுக்கும் விலையும் சிறிதன்று. மகள் பானி தாயைக் காண வந்து, மனநிறைவின்றித் திரும்பும் காட்சி அவ்விலையை உணர்த்துகிறது. இறுதியில், ஆடற்காலணியிலிருந்த பசையால் பாதப்புண்ணில் நஞ்சேறுகிறது, அறுவையில் தசைநார்கள் துண்டிக்கப்படுகின்றன, ஆட்டம் முடிகிறது.

இம்முடிவு கதைப்பின்னலின் குறையே. வயது தோற்கடித்ததா, முயற்சி வென்றதா என்னும் வினாவிற்கு விடை கூறாமல், புறத்தேயிருந்து வந்த விபத்து கதையை முடித்துவிடுகிறது. ஆயினும் கூர்ந்து நோக்கின், பழமொழிக்குரிய விடை முன்னரே கிடைத்துவிட்டது. வளையாது எனக் கருதப்பட்ட உடல் வளைந்தது, மேடையும் ஏறியது. அலபாமாவின் இடர் வயதில் இல்லை. கலை தரக்கூடியதைப் பெற்ற பின்னரும், அது தரவியலாத அமைதியை அதனிடம் அவள் வேண்டியதிலேயே இருக்கிறது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இந்நூல் பயன்படுவது இவ்விடத்தில்தான். காலங்கடந்து கற்க வருவோரை நோக்கி 'இனி இயலுமா?' என்று கேட்பதே நம் வழக்கம். அவ்வினா வந்தவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 'எதற்காக?' என்னும் உருசிய ஆசிரியையின் வினாவோ கற்பவரைத் தம்முள்ளே நோக்கச் செய்யும். அதற்கு நேர்மையான விடையுடையவர்க்கு ஐம்பதும் தடையன்று. விடையில்லாதவர்க்கு ஐந்தும் துணையாகாது.