பூஜ் ஸ்மிருதிவன்: நடுக்கமும் நடுகல்லும்

கலைக் கண்காட்சிகளை எடைபோடும் படிப்பு எனக்கில்லை. மணிநகரில் துணி வியாபாரம் பார்த்துக்கொண்டே, கிடைத்த நூல்களைப் புரட்டியவன் நான். ஆனால் 26.1.2001 காலை 8.46-க்கு குஜராத் மண் ஆடியபோது அதன்மேல் நின்றவன். அந்த உரிமையில்தான் பூஜ் நகரின் ஸ்மிருதிவன் நினைவகத்தைப் பற்றிச் சில சொல்லத் துணிகிறேன்.

பூஜியா குன்றில் 470 ஏக்கரில் அமைந்த இந்நினைவகம் 2022 ஆகஸ்ட் 28 அன்று திறக்கப்பட்டது. சரிவோடு ஒட்டி, உள்ளூர்க் கல்லில் எழுப்பிய அருங்காட்சியகத்தில் ஏழு பகுதிகள். கட்டட அழகில் குறை சொல்ல வாயில்லை. நிலநடுக்கம் ஏன் வருகிறது, இடிந்த ஊர்கள் எப்படி எழுந்தன என்பதையெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஜனங்கள் வரிசைகட்டி நிற்பது நடுக்க அறைக்குத்தான். சுற்றிலும் திரை, காலடியில் அதிரும் தளம். வெளியே வந்ததும் என் பேரன், “தாத்தா, சூப்பரா இருந்துச்சு, இன்னொரு தடவை போலாமா?” என்றான். சுருக்கென்றது. பிள்ளைமேல் தப்பில்லை. அறையைச் செய்தவர்கள் ஆட்டத்தைக் கொடுத்தார்கள். ஆட்டம் நின்றபிறகு வந்ததைக் கொடுக்கவில்லை. அன்று எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஓர் அடுக்குமாடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் வெறுங்கையால் கல் எடுத்தோம். எனக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவர் யார், எந்தத் தெரு என்று இன்றுவரை தெரியாது. அவர் தலைப்பாகைத் துணியைக் கிழித்து என் கையில் கட்டியது மட்டும் நினைவிருக்கிறது. பிழைத்தவர்கள் பேசும் காட்சிகள் உள்ளே இருக்கத்தான் செய்கின்றன. நான் போன அன்று அங்கே நின்று கேட்டவர் சிலரே.

வெளியே வந்து குன்றின்மேல் ஏறினால் வேறு உலகம். மழைநீரைத் தேக்க ஐம்பது சிறு தடுப்பணைகள். அவற்றின் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள், ஏறத்தாழ 13 ஆயிரம். தேங்கும் நீர் கீழே மரங்களுக்குப் பாய்கிறது. கட்ச் நாட்டில் பாளியா என்ற நினைவுக்கல் உண்டு; நம் நடுகல்லுக்கு அது தங்கை முறை. எங்கள் ஊர்ப் பக்கம், செஞ்சியருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டைப் பாட்டனார் கைபிடித்துக் காட்டியிருக்கிறார். நடுகல் வீரனுக்கு, நிசீதிகை துறவிக்கு. இங்கே பால் வாங்கப் போனவளுக்கும் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. ஓரிடத்தில் பேரன் நின்று, “ஏன் தாத்தா வரிசையா எல்லாருக்கும் ஒரே குடும்பப் பேரு?” என்று கேட்டான். பதில் சொன்னேன். அதன்பின் அவன் நடுக்க அறைப் பேச்சை எடுக்கவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த திரைகளால் ஆகாதது ஒரு சுவரால் ஆயிற்று.

துணிக்காரன் என்ற முறையில் ஒரு குறை உண்டு. கட்சில் அஜ்ரக் அச்சுத் துணிக்குப் பேர்போனது தமட்கா. நடுக்கத்தில் ஊர் நொறுங்கியது; அதோடு நிலத்தடி நீரில் இரும்புச் சத்தும் ஏறிவிட்டது. இரும்பு கலந்த நீரில் மஞ்சிட்டிச் சிவப்பு செத்துப்போகும். கத்ரி சமூகத்தார் பலர் பூஜுக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, நல்ல தண்ணீரை நம்பி அஜ்ரக்பூர் என்ற புது ஊரையே உண்டாக்கினார்கள். வீட்டை இழந்தவன் வீடு கட்டுவான். சாயத்துக்காக ஓர் ஊரையே மாற்றிக்கொண்ட கதையை எங்கே கேட்டிருக்கிறோம்? சமூகம் இயற்கைக்குச் சொன்ன பதில் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஏழு பகுதிகளிலும் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

சுவரளவு திரையெல்லாம் வேண்டாம். பழைய நீரில் தோய்ந்த ஒரு துண்டு, கெட்ட நீரில் தோய்ந்த ஒரு துண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும், பார்க்கிறவனுக்கு விளங்கிவிடும். அப்படி ஒரு சோடி இருபது வருஷத்துக்கு மேலாக என் கடைப் பெட்டியில் கிடக்கிறது. விற்க மனசு வரவில்லை. அவர்கள் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன்.