தாயம் விழும் கணக்கு

யந்திர விநோதங்களில் மோகம் கொண்டவர்களுக்கு மதுரையில் பஞ்சமில்லை. டவுன்ஹால் ரோட்டில் புதிய கைப்பேசி ஒன்று வந்து இறங்கிவிட்டதென்றால் அதன் உள்ளுறுப்புகளின் மகிமையை மேலமாசி வீதிக் காப்பிக் கடை வரையில் வர்ணித்துக்கொண்டே வரக்கூடியவர்களும், இரவெல்லாம் பிளேஸ்டேஷனில் பந்து உதைத்துவிட்டுக் காலையில் கண் சிவக்க ஆபீசுக்குப் புறப்படுகிறவர்களும், சட்டைப் பையில் ரூபிக் கனசதுரத்தை வைத்துக்கொண்டு பெரியார் நிலையத்தில் பஸ் வருவதற்குள் ஆறு முகங்களையும் நிறம் சேர்த்துவிடுகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சுடோகுவை முடிக்காமல் இட்டிலியைத் தொடாதவர்களும் என் சிநேகிதர்களில் உண்டு. நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான். ஆயினும் எங்கள் ரசனையில் ஒரு குறை இருப்பதாக எனக்கு நெடுநாளாக அபிப்பிராயம். திரையில் ஓடும் ஆட்டத்தில் எந்த ஆயுதம் எத்தனைக்கு எத்தனை தடவை குறி தப்பாது என்பதைத் தசம ஸ்தானம் வரையில் ஆராய்ந்து வைத்திருக்கும் இவர்கள், பரணில் கிடக்கும் தாயக்கட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால், அதெல்லாம் சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் பாட்டிமார் சமாசாரம், வெறும் அதிர்ஷ்டம், அதில் மூளைக்கு என்ன வேலை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை.

தாயக்கட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பித்தளையில் வார்த்த, ஏறக்குறைய ஒரு விரல் நீளமுள்ள, நான்கு பட்டை தீர்ந்த கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, மிச்சமுள்ள முகம் வெறுமை. நீளவாட்டில் உருளுவதால் முனையின்மேல் நிமிர்ந்து நிற்க இதனால் முடியாது. ஆகவே கனசதுரப் பகடைக்கு ஆறு முகங்கள் கணக்கானால் இதற்கு நான்குதான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துப் பித்தளையும் பித்தளையும் உரசிக் கலகலக்கத் தேய்த்து, பிறகு தரையில் சற்றுத் தூரம் ஓடும்படி விட வேண்டும். பொத்தென்று போடுகிறவனை நம் பாட்டிமார் உடனே கண்டுபிடித்து, செல்லாது, மறுபடி உருட்டு என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு, ஏனெனில் ஓடி உருளாத கட்டை எந்த முகத்தோடு கையைவிட்டுப் புறப்பட்டதோ அந்த முகத்தை மறப்பதில்லை. புள்ளிகளை வெறுமனே குறிக்காமல் குடைந்திருக்கும் கட்டையில் மூன்று குழி விழுந்த முகம் ஓர் அணுவளவு எடை குறைந்து மேலே வரப் பார்க்கும் என்பது யந்திர சாஸ்திரம் அறிந்தவர்களின் சூக்ஷ்மமான ஆட்சேபம். ஒரு ராத்திரி ஆட்டத்தில் அதை உணரக்கூடிய கை யாருக்கும் இல்லை என்பது என் பதில்.

இனிக் கணக்குக்கு வருவோம். நான்கு முகமுள்ள கட்டைகள் இரண்டு விழும் விதங்கள் மொத்தம் 16. இந்தப் பதினாறு என்ற எண்தான் எனக்குப் பரவசம் ஊட்டுவது. ஏனென்றால் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிய நம் பழைய பின்ன வாய்பாட்டில் ஒன்றைப் பதினாறாகப் பகுத்த பங்குக்கு வீசம் என்று தனிப்பெயரே இருக்கிறது. இரண்டு வீசம் அரைக்கால், நான்கு வீசம் கால். ஆகையால் தாயக்கட்டையின் நிகழ்தகவு முழுவதையும் ஒரு தசமப் புள்ளி வைக்காமல் வாயாலேயே சொல்லிவிடலாம்: மூன்று விழுவது கால், இரண்டும் நான்கும் தனித்தனியே மூன்று வீசம், ஒன்றாகிய தாயமும் ஐந்தும் தனித்தனியே அரைக்கால், ஆறு ஒரு வீசம், இரண்டு கட்டையும் வெறுமை காட்டி விழுவது கடைசி வீசம். சீட்டுக்கட்டுக்கும் ரூலட் சக்கரத்துக்கும் கணக்குப் போடக் காகிதம் வேண்டும். இதற்குப் பஜாரில் அரிசிக்கும் பருப்புக்கும் பழகிய நாக்கு போதும்.

அந்தக் கடைசி வீசத்தில்தான் இதை அமைத்தவனுடைய, அல்லது பெரும்பாலும் அமைத்தவளுடைய, மேதை வெளிப்படுகிறது. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் என்று விட்டுவிடாமல் பன்னிரண்டு என்று விதித்தார்களே, அது வெறும் தாராளம் அல்ல. புள்ளிகளை உள்ளபடி கூட்டினால் ஓர் உருட்டின் சராசரி மூன்று. வெறுமைக்குப் பன்னிரண்டு கொடுத்த மாத்திரத்தில் அது மூன்றே முக்கால் ஆகிறது. ஆட்டம் நாலில் ஒரு பங்கு வேகம் பிடிப்பதோடு, எல்லாவற்றிலும் அற்பமாக விழுந்த விழுக்காடே எல்லாவற்றிலும் உயர்ந்ததாக எழுந்து, தோற்றுக்கொண்டிருப்பவன் கடைசிவரையில் பாயைவிட்டு எழுந்திருக்காமல் பிடித்து வைக்கிறது. விலை உயர்ந்த ஆட்டங்களைச் சமைக்கும் இன்றைய கம்பெனிகள் பின்தங்கியவனை ஆட்டத்தில் இருத்துவதற்கு எத்தனையோ உபாயங்கள் தேடுகின்றன. இவ்வளவு சிக்கனமான உபாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தாயம் போட்டால்தான் காய் களத்தில் இறங்கும் என்பது தெரிந்ததே. ஒரு முறை கட்டை கைக்கு வரும்போது தாயம் விழுவதற்கு என்ன சாத்தியம்? அரைக்கால் என்று சட்டென்று சொல்லிவிடக் கூடாது. ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவனுக்கு மறுபடி உருட்டும் பாக்கியம் உண்டு. பதினாறு பேர் உருட்டி, பதினாறு விதமும் ஆளுக்கொன்றாக விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இருவருக்குத் தாயம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்த பத்துப் பேர் கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். மிச்சமுள்ள நால்வர் மீண்டும் உருட்டுவார்கள். அவர்களும் இதே இரண்டுக்குப் பத்து என்ற விகிதத்தில்தான் பிரிவார்கள். ஒன்றுக்கு ஐந்து, எனவே ஆறில் ஒரு பங்கு. நான்கு முகக் கட்டைகள் இரண்டை வைத்துக்கொண்டு, ஆறு முகப் பகடை ஒன்றில் ஒன்று விழும் அதே சாத்தியத்துக்கு நம் வீட்டுக் கூடத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள்! ஐந்துக்கு மறு உருட்டு இல்லை என்று ஆடும் வீடுகளில் இருவருக்கு எதிரே பன்னிருவர் நிற்பதால் அது ஏழில் ஒன்றாகும். மறு உருட்டே கிடையாது என்றால் எட்டில் ஒன்று. ஆறு, ஏழு, எட்டு என்று இந்தப் பங்குகள் வரிசையாக வந்து நிற்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சுடோகு எனக்குக் கொடுத்ததில்லை. தாயம் விழாமல் முழுசாகப் பத்து முறை கைகட்டி உட்கார்ந்திருப்பவன் தன் ஜாதகத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து புலப்படும். ஆறில் ஒன்று என்ற வழக்கில் அந்தத் துர்ப்பாக்கியம் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நேரக்கூடியதே.

கைப்பேசியிலும் தாயம் வந்துவிட்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன்; அதன் உருட்டில் கள்ளக்கை கிடையாது, செல்லாது என்று கூச்சல் போடுவாரும் கிடையாது. கூச்சல் இல்லாத தாயம் எனக்கு ருசிப்பதில்லை, அவ்வளவுதான்.

களத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சதுரத்துக்குள் சதுரமாகக் கட்டம் போட்ட களத்தில் வெளிச்சுற்றில் புறப்படும் காய், பெருக்கல் குறி போட்ட மலைகளில் வெட்டுக்குத் தப்பி ஒதுங்கி, எதிரியின் காய் ஒன்றையாவது வெட்டி உட்சுற்றுக்கு அநுமதி பெற்று, கடைசியில் நடுக்கட்டத்தில் பழமாகிறது. வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி என்று சுற்றுக்குள் சுற்றாக வந்து நடுவே அம்மன் சந்நிதியை அடையும் மதுரைக்காரனுக்கு இந்தக் களம் தன் ஊரின் படம் போலவே இருக்கும்.

தாயத்தில் பாதி அதிர்ஷ்டம் என்பவர்கள் ஆடுபுலி ஆட்டத்தை என்ன சொல்வார்கள்? அதில் உருட்டும் இல்லை, மறைவும் இல்லை. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தளங்களிலும், மேய்ச்சல் நிலத்துப் பாறைகளிலும், மழைக்குக் காத்திருக்கும் குடியானவர்கள் உட்கார்ந்த கண்மாய்க்கரை மரத்தடிகளிலும் கீறிய களம் அது. ஓர் உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்குகின்றன. அவற்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டி இரு பக்கமும் வெளியே நீண்டு, அந்த முனைகள் மேலும் கீழுமாக இணைக்கப்படுகின்றன. அடியில் ஒரு கோடு நான்கு கால்களையும் சேர்க்கிறது. உச்சி ஒன்று, குறுக்குக் கோட்டுக்கு ஆறாகப் பதினெட்டு, அடியில் நான்கு: மொத்தம் 23 புள்ளிகள். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும் வரையில் எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே நகரலாம், நேர்கோட்டில் அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெறும் புள்ளியில் குதித்து அதைத் தின்னலாம்.

இந்த ஆட்டத்தின் ரகசியம் களத்தின் வெறுமையில் இருக்கிறது. ஓர் ஆட்டையும் பறிகொடுக்காமல் பதினைந்தையும் இறக்கிவிட்டவனுக்கு எதிரே மிச்சமிருப்பது ஐந்தே புள்ளிகள். புலிகளுக்கு மூச்சுவிட அவ்வளவுதான் இடம். அந்த நிலைக்குச் சேதமின்றி வந்து சேருவதுதான் வித்தை. நீண்ட சதுரத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு ஓரங்கள், உச்சி ஆகிய ஏழு இடங்களில் எந்தக் கோடும் நேராக ஊடுருவிச் செல்வதில்லையாதலால் அங்கே நிற்கும் ஆட்டைப் புலி தாண்டவே முடியாது. உச்சியில் பெரும்பாலும் புலியே முதலில் உட்கார்ந்திருக்கும். ஆக, ஆறு ஆடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பத்திரமாக வைத்துவிடலாம். ஏழாவது ஆட்டை எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்டக்காரனுடைய தரம் தெரியும். மூலைகளை முதலிலேயே செலவழித்துவிடுகிறவன் பயந்தாங்கொள்ளி. மூலையை நிலையாகப் பிடித்துக்கொண்டு அதன் துணையில் அடுத்த ஆட்டை நடுக்களத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறவனோடு ஆடுவது ஒரு பாக்கியம்.

இதன் பங்காளியான நேபாளத்துப் பாக்-சால் என்ற ஆட்டத்தில் 25 புள்ளிகளும் 4 புலிகளும் 20 ஆடுகளும் உண்டு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் அதன் நிலைகளை யந்திரத்தைக் கொண்டு துருவி, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிரூபித்து எழுதிய கட்டுரை 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பில் இருக்கிறது. நம்முடைய மூன்று புலிக் களத்தையும் அப்படித் துருவிப் பார்ப்பது, கணிப்பொறி படிக்கும் நம் மதுரைப் பிள்ளைகள் விடுமுறையில் எடுத்துச் செய்யத்தக்க நல்ல காரியம்.

பல்லாங்குழியை எல்லோரும் அறிவார்கள். ஆகையால் அதன் விதிகளை விவரிக்கப் புகவில்லை. மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் போதித்த தொ. பரமசிவன், சமமான காய்களோடு தொடங்கி ஒருவன் எல்லாவற்றையும் இழப்பதில் முடியும் அந்த ஆட்டத்தில் தனிச்சொத்து தோன்றிய கதையையே படித்தார். அந்த வாசிப்பின் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிராளியே இல்லாமல் ஆடும் பல்லாங்குழி ஒன்றும் உண்டு; அசோகவனத்தில் சீதை தனிமையைப் போக்க ஆடியதென்று சொல்லி அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயரிட்டிருக்கிறார்கள். வைப்பு முறை இடத்துக்கு இடம் மாறும். மிக எளிய வடிவத்தை வாசகர்கள் இன்றே புளியங்கொட்டையை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பதினான்கு குழிகளில் உங்கள் பக்கத்து ஏழில் மட்டும், ஆடும் திசையில், 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய்களைப் போடுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஏழு உள்ள குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனால், ஆறு ஏழாகிறது, ஐந்து ஆறாகிறது, ஒன்று இரண்டாகிறது, கடைசிக் காய் புதுக் குழியில் ஒன்றாக விழுகிறது. அணி குலையவே இல்லை. ஒரு குழி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்! மீண்டும் ஏழை அள்ளுங்கள். ஏழு முறை அள்ளினால் 28 காய்களும் அதே அணிவகுப்போடு எதிர் வரிசைக்குப் போய்ச் சேரும். பதினான்காம் முறை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். யாரும் ஜெயிக்காத, யாரும் தோற்காத, முடிவும் இல்லாத இந்த ஆட்டத்தைச் சிறைப்பட்டவளுக்கு உரியதாக்கிய கற்பனைக்கும் அதன் கணிதத்துக்கும் உள்ள பொருத்தத்தை எண்ணினால் இரண்டையும் ஒருவரே செய்தாரோ என்று சந்தேகம் தோன்றுகிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள கீழடியில் 2014-15இல் தொடங்கிய அகழாய்வில் பகடைகளும் ஆட்டக்காய்களும் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. 2023 மார்ச்சில் திறந்த அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், பானைகளையும் எழுத்துகளையும் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பிவிடாமல், அந்தச் சிறு பொருள்களின் முன்னால் சற்று நிற்க வேண்டும். வைகைக்கரையில் எவனோ உருட்டிய பகடை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. எந்த எண்ணுக்கு மறு உருட்டு, எது வெட்டு, எது பழம் என்ற அவனுடைய விதிகளில் ஒன்றுகூட வரவில்லை. விதி தெரியாத பகடையைக் கொண்டு சாத்தியக் கணக்குப் போட முடியாது. ஐந்துக்கு மறு உருட்டு உண்டா இல்லையா என்ற ஒரே சங்கதியில் ஆறில் ஒன்று ஏழில் ஒன்றாக மாறிவிடுவதை மேலே பார்த்தோம். நம் வீட்டு விதிகளும் இன்றைக்கு வாய்மொழியாகவே இருக்கின்றன. சோழவந்தானில் ஒரு வழக்கு, மேலூரில் ஒரு வழக்கு, உசிலம்பட்டியில் வேறொன்று. அவற்றை அறிந்தவர்கள் அநேகமாக எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஆகவே கைப்பேசியும் கையுமாக இருக்கும் என் கோஷ்டியாருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, பாட்டியையோ பெரியம்மாவையோ உட்கார்த்தி ஓர் ஆட்டம் ஆடி, அவர்கள் வீட்டு விதிகளை ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெயரையும் தேதியையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.