மூலம் இல்லாச் சிற்றுரு: டைனோசர் பொம்மைச் சேகரிப்பும் நினைவேக்கத்தின் இலக்கும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்தில் வைத்து விளையாடிய சிறு டைனோசர் பொம்மைகளை நடுவயதில் மீண்டும் தேடிச் சேகரிக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காணப்படுகிறது. இவ்வழக்கத்தை விளக்க முற்படுவோர் சூசன் ஸ்டுவர்ட் முன்வைத்த சிற்றுருக் கோட்பாட்டை நாடுவது இயல்பு. சிற்றுருவுக்கு முன்பே அதன் பெரிய மூலம் அறியப்பட்டிருக்கிறது என்னும் எண்ணம் அக்கோட்பாட்டின் அடியில் உள்ளது. டைனோசர் பொம்மைக்கு அத்தகைய மூலம் இல்லை. ஆதலால் அதன்மீது எழும் ஏக்கம் விலங்கை நோக்கியதன்று. அறிவியல் கைவிட்ட ஒரு வடிவத்தை நோக்கியது. இவ்வேறுபாடு சேகரிப்பவரின் ஏக்கத்தை மதிப்பிடும் முறையையே மாற்றுகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சிற்றுரு, நினைவேக்கம், நினைவுப்பொருள், சேகரம், டைனோசர் பொம்மை, சூசன் ஸ்டுவர்ட்

முன்னுரை

உள்ளங்கையில் அடங்கும் டைனோசர் பொம்மை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைநாட்டுக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுள் நிலையான இடம் பெற்றது. அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனம் 1955 முதல் நெகிழி டைனோசர்களைத் தொகுதிகளாக விற்றது. இங்கிலாந்தில் இன்விக்டா நிறுவனம் 1974 முதல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1:45 என்னும் அளவு விகிதத்தில் ஒற்றை நிற உருவங்களை வார்த்தது. (‘மாஸ்டர்மைண்ட்’ என்னும் பலகை விளையாட்டை உலகெங்கும் விற்றதும் இந்நிறுவனமே.) இவற்றுக்கு அப்பால், ஹாங்காங்கில் செய்யப்பட்டுப் பைகளில் அடைத்து விற்கப்பட்ட மலிவுப் பொம்மைகள் எண்ணிலடங்கா.

இவற்றோடு வளர்ந்தவர்கள் பின்னாளில் இவற்றையே விலைகொடுத்துத் தேடுகின்றனர். அவர்கள் தேடுவது எதனை? ‘இழந்த குழந்தைப் பருவத்தை’ என்பது எளிதில் கிடைக்கும் விடை. ஆனால் அவ்விடை பம்பரத்துக்கும் பொருந்தும். தகரத்தில் செய்த புகைவண்டிக்கும் பொருந்தும். எல்லாப் பொம்மைக்கும் பொருந்தும் விடை ஒன்றையும் விளக்குவதில்லை. டைனோசர் பொம்மைக்கே உரிய இயல்பு யாது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

ஸ்டுவர்ட்டின் கோட்பாடும் அதன் எல்லையும்

சூசன் ஸ்டுவர்ட் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஆன் லாங்கிங்’ என்னும் நூல் சிற்றுரு, பேருரு, நினைவுப்பொருள், சேகரம் ஆகிய நான்கையும் ஒருசேர ஆராய்கிறது. அவர் கருத்தில் சிற்றுரு அகவெளியைச் சார்ந்தது. அதனுள் காலம் நின்றுவிடுகிறது. காண்பவர் அதனை முழுதாகக் கைக்கொள்ள முடிகிறது. பேருருவோ புறவெளியைச் சார்ந்தது. மனிதரைத் தன்னுள் அடக்குவது. இயற்கையில் சிற்றுரு என ஒன்று இல்லை, அது பண்பாட்டின் ஆக்கமே என்பதும் அவர் வலியுறுத்தும் கருத்து.

இக்கோட்பாடு பொம்மை வீட்டுக்கு நன்கு பொருந்துகிறது. குழந்தை வீட்டில் வாழ்கிறது. பின் அவ்வீட்டைச் சிறியதாக்கித் தன் கைக்குள் கொண்டுவருகிறது. தமிழ் மரபிலும் இதே ஒழுங்கைக் காணலாம். பட்டினப்பாலை குறிப்பிடும் மூன்று சக்கரச் சிறுதேரும், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாகிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியனவும் பெரியோர் உலகில் உள்ள இல், பறை, தேர் ஆகியவற்றின் சுருக்கங்கள். ‘சிறு’ என்னும் அடையே பெரியது ஒன்றை முன்னிறுத்திக்கொண்டு வருகிறது. தேரைக் காணாத குழந்தைக்குச் சிறுதேர் இல்லை.

டைனோசர் பொம்மையில் இவ்வொழுங்கு முற்றிலும் தலைகீழாகிறது. அதன் பெரியதைக் குழந்தை கண்டதில்லை. பொம்மையை வாங்கித் தந்த பெற்றோரும் கண்டதில்லை. வார்ப்பை வடித்த கலைஞரும் கண்டதில்லை. உலகில் எவரும் கண்டதில்லை. இங்குச் சிறியதே முதலில் வருகிறது. பெரியது அதிலிருந்து கற்பித்துக்கொள்ளப்படுகிறது.

சிறியது முந்தியது

இது குழந்தையின் அனுபவத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று; டைனோசர் உருவாக்க வரலாற்றிலேயே பதிந்த ஒன்று. ரிச்சர்ட் ஓவன் 1842இல் ‘டைனோசோரியா’ என்னும் பெயரை வழங்கிய பின், அவ்விலங்குகளை முழு அளவில் முதன்முதலாக மக்கள்முன் நிறுத்தியவர் சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். லண்டனையடுத்த சிடன்ஹாமில் 1854இல் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகைப் பூங்காவில் அவை இன்றும் நிற்கின்றன. அவற்றைச் செய்யுமுன் ஹாக்கின்ஸ் களிமண்ணில் சிறு மாதிரிகளைச் செய்தார். அவற்றைப் பெருக்கியே பேருருக்களை எழுப்பினார். பின்னர் அவற்றின் சிறுவடிவங்கள் கல்வித் துணைப்பொருள்களாக விற்கப்பட்டன. ஆக, டைனோசரைப் பொறுத்தவரை பேருரு என்பது இரண்டு சிற்றுருக்களுக்கு இடையில் வந்துபோன ஒரு நிலை.

அடுத்த நூற்றாண்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஏல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் ஸாலிங்கர் 1943 முதல் 1947 வரை வரைந்த ‘ஊர்வனவற்றின் யுகம்’ என்னும் சுவரோவியம் 110 அடி நீளமும் 16 அடி உயரமும் உடையது. ஆனால் அமெரிக்க இல்லங்களுக்குள் புகுந்தது அச்சுவர் அன்று. ‘லைஃப்’ இதழ் 1953இல் வெளியிட்டது, சுவரில் வரையுமுன் ஸாலிங்கர் தீட்டிய சிறிய முன்வரைவை. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் வந்த மார்க்ஸ் பொம்மைகளின் தோற்றமும் நிற்கும் பாங்கும் ஸாலிங்கரின் விலங்குகளைப் பெரிதும் ஒத்திருந்தன. பருத்த வயிறும் நிமிர்ந்த உடலும் கொண்ட அந்தத் டைரனோசாரஸ் பொம்மை பாறையிலிருந்து வந்ததன்று. ஓர் இதழின் தாளிலிருந்து வந்தது.

‘மூலம்’ எனச் சொல்லத்தக்கது எலும்புகள் அல்லவா என்று கேட்கலாம். எலும்பு மூலந்தான், ஆனால் அது உருவம் அன்று. உருவத்தை எலும்பிலிருந்து ஊகித்தே பெறவேண்டும். சில வேளைகளில் எலும்பும் எஞ்சுவதில்லை. அரியலூர்ப் பகுதியில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் இதற்குத் தமிழ்நாட்டுச் சான்று. மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக இருக்கலாம் எனக் கருதப்படும் அதன் எலும்புகள் சிதைந்து அழிந்துபோயின. அதன் பேரளவு பற்றிய விவாதம் முழுவதும் இன்று ஏட்டில் எஞ்சிய சிறு படங்களையும் அளவுக் குறிப்புகளையும் சார்ந்தே நடைபெறுகிறது.

பிழையின் வடிவம்

ஜான் ஆஸ்ட்ரம் 1969இல் டைனோனைக்கஸ் என்னும் விரைந்தோடும் ஊனுண்ணியை விவரித்தார். அவருடைய மாணவர் ராபர்ட் பாக்கர் 1975இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரை ‘டைனோசர் மறுமலர்ச்சி’ என்னும் பெயரை நிலைநிறுத்தியது. வாலைத் தரையில் இழுத்து மந்தமாக நடக்கும் பழைய டைனோசர் அதன்பின் மெல்ல மறைந்தது; வால் தரையைத் தொடாமல் முதுகைக் கிடையாக வைத்து ஓடும் புதிய விலங்கு அதன் இடத்தைப் பிடித்தது. ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படம் 1993இல் அதனை உலகறியச் செய்தது.

பொம்மைகள் உடனே மாறவில்லை. அதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. இரு காலில் நிற்கும் நெகிழி உருவம் கவிழாதிருக்க மூன்றாவது ஊன்று தேவை. தரையில் படிந்த வாலே அந்த ஊன்று. அறிவியல் வாலை உயர்த்தியபோது பொம்மை செய்வோர் பாதங்களைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. இல்லையேல் பழைய முக்காலி நிலையையே தொடர்ந்தனர். கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒப்புதலோடு சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை வெளியிட்ட தொகுதியின் இருகால் விலங்குகளிலும் இந்த இழுபறியைக் காணலாம். உண்மையை அறிந்த பின்னரும் மேசைமீது நிற்கவேண்டிய கட்டாயம் பிழையைக் காத்து வந்தது.

எனவே 1955ஆம் ஆண்டுப் பொம்மையைத் தேடுபவர் தேடுவது ஒரு பிழையை. அவருக்கும் அது தெரியும். இந்தத் தெரிதலைத்தான் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. பொம்மை வீட்டை நினைந்து ஏங்குபவரிடம் எவரும் ‘உன் வீடு தவறான வீடு’ எனச் சொல்வதில்லை. டைனோசர் பொம்மையை நினைந்து ஏங்குபவருக்கோ அருங்காட்சியகம், பாடநூல், தம் சொந்தப் பிள்ளைகள் என அனைத்துத் தரப்பினரும் அதைச் சொல்கின்றனர். புரோன்டோசாரஸ் என்னும் பெயரின் கதை இங்கு நினைக்கத்தக்கது. 1879இல் சூட்டப்பட்ட அப்பெயர், அதற்கு ஈராண்டு முந்திய அபடோசாரஸ் என்னும் பேரினத்துக்குள் அடங்கும் என 1903இல் முடிவு செய்யப்பட்டது. ஆயினும் குழந்தைகள் புரோன்டோசாரஸ் என்றே சொல்லி வந்தனர். 2015இல் வெளியான விரிவான ஆய்வொன்று அப்பெயரைத் தனிப் பேரினமாக மீட்டது. விளையாட்டறையில் அது ஒருநாளும் சாகவில்லை. இதனை ஏக்கத்தின் வெற்றி எனச் சிலர் கொண்டாடியது மிகை. பெயர் மீண்டது எலும்பளவைகளால்.

பொம்மைப் பைகளில் டைமெட்ரோடான் தவறாது இடம் பெறுவதும் இத்தகையதே. முதுகில் பாய்மரம் போன்ற சிறை கொண்ட அவ்விலங்கு டைனோசரே அன்று. டைனோசர்கள் தோன்றுமுன் பெர்மியன் காலத்தில் வாழ்ந்து மறைந்தது. உறவு முறையில் பாலூட்டிகளுக்கே நெருங்கியது. ஹாங்காங் பைகளிலோ எந்த விலங்கோடும் பொருந்தாத உருவங்களும் இருந்தன. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கியோருள் ஒருவரான கேரி கைகாக்ஸ் அத்தகைய பொம்மைகளை வைத்து விளையாடியதிலிருந்து இரும்பைத் துருவாக்கி உண்ணும் விலங்கு, ஆந்தைத்தலைக் கரடி முதலிய கற்பனை உயிர்கள் பிறந்தன. மூலம் இல்லாச் சிற்றுரு புதிய மூலங்களைப் பெற்றெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நினைவுப்பொருளா, சேகரமா?

நினைவுப்பொருளையும் சேகரத்தையும் ஸ்டுவர்ட் எதிரெதிரே நிறுத்துகிறார். நினைவுப்பொருள் கடந்த அனுபவத்தின் ஒரு துண்டு. நம் இலக்கணத்தின் சொல்லால் கூறின் அது சினையாகுபெயர். சினை நின்று முதலை உணர்த்துவது. சேகரமோ பொருளை அதன் பிறப்பிடத்திலிருந்து பெயர்த்து வகைப்பாட்டுக்குள் வைக்கிறது. வரலாறு நீங்கி வரிசை எஞ்சுகிறது.

1964, 1965ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் சின்கிளேர் எண்ணெய் நிறுவனம் ஒன்பது முழு அளவு டைனோசர்களை நிறுத்தியது. அங்கு வைத்திருந்த எந்திரத்தில் காசு இட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறு டைனோசர் ஒன்று வார்க்கப்பட்டுச் சூடு ஆறாமல் கைக்கு வந்தது. ஸ்டுவர்ட்டின் பொருளில் இது தூய நினைவுப்பொருள். ஆனால் அது எதன் சினை? டைனோசரின் சினை அன்று. கண்காட்சியில் கழிந்த ஒரு பகற்பொழுதின் சினை. அப்பொம்மையை இன்று விலைக்கு வாங்குபவர் அதே பொம்மையைப் பெறுவதில்லை. அதே அச்சில் பிறந்த இன்னொன்றைப் பெறுகிறார். வேறொருவரின் பகற்பொழுது அவர் கைக்கு வருகிறது. வார்ப்புப் பொருளின் இயல்பு இது: ஒவ்வொன்றும் மற்றொன்றின் படி, முதற்படி என ஒன்று இல்லை. ஸ்டுவர்ட்டின் இரண்டு வகைகளும் இங்கு ஒன்றையொன்று ஊடுருவுகின்றன. நினைவுப்பொருளாக வாங்கியது சேகரமாகிறது. சேகரத்துக்காக வாங்கியது பிறர் நினைவைச் சுமந்து வருகிறது.

டைனோசர் மோகத்தைப் பற்றி ஸ்டீபன் ஜே கூல்ட் எழுப்பிய ஐயமும் இங்கு எண்ணத்தக்கது. டைனோசரின் பேரளவும் கொடுமையும் அழிவும் குழந்தை மனத்தை இயல்பாகவே கவர்கின்றன என்னும் உளவியல் விளக்கம் போதாது என்றார் அவர். தம் சிறுவயதில் அத்தகைய மோகம் இல்லை என்பதைச் சுட்டி, அதனை வணிகமே வளர்த்தது என்றார். மோகம் எழுந்த வரலாற்றுக்கு இவ்விளக்கம் சரி. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கடைகளில் குவிந்திருக்கும் திருத்தமான புதிய பொம்மைகளை விடுத்து, வாலை இழுக்கும் பழைய பொம்மையைத் தேடுவதை அது விளக்காது. வணிகம் விற்க விரும்புவது புதியதை.

ஸ்வெட்லானா போயிம் 2001இல் செய்த பாகுபாடு இவ்விடத்தில் உதவுகிறது. இழந்ததை மீண்டும் கட்டியெழுப்ப விழையும் ஏக்கம் ஒருவகை. இழப்பின் இடைவெளியை உணர்ந்து அதனுள்ளேயே நிற்கும் ஏக்கம் மற்றொருவகை. ‘என் டைனோசருக்கு இறகு இல்லை’ என வாதிட்டு அறிவியலை மறுப்பவர் முதல் வகையினர். அவர்கள் உளர், அவர்தம் ஏக்கம் எளிதில் பிடிவாதமாகும். ஆனால் பழைய பொம்மையையும் புதியதையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைப்பவரை அவர்களோடு சேர்த்து எண்ணுதல் பிழை. ஓர் உருவம் எப்போது நம்பப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்பதற்கு அவர் அலமாரி சான்றாவணம். அறிவியல் வரலாற்று நூல்கள் கோட்பாடுகளைக் கூறும். மக்கள் கையில் எந்த வடிவம் எத்தனை ஆண்டு உலவியது என்பதைப் பொம்மைகளே கூறும்.

சேகரிப்போர் சந்தையின் மதிப்பீடு இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. பிரிக்கப்படாத பெட்டி, கீறலற்ற மேனி, ஒடியாத வால் ஆகியவற்றுக்கே அங்கு உயர்விலை. விளையாடப்படாத பொம்மைக்கு விலை மிகுதி. அதாவது எந்தக் குழந்தைப் பருவத்திலும் பங்குபெறாத பொம்மைக்கு. வால்டர் பெஞ்சமின் 1928இல் பொம்மைகள் பற்றி எழுதியபோது, பொம்மை விளையாட்டைத் தீர்மானிப்பதில்லை, விளையாட்டே பொம்மையைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்தை வற்புறுத்தினார். அவ்வகையில் பார்த்தால், கடித்த பல்லின் தடம் பதிந்த வாலும், வெயிலில் வெளுத்த முதுகும், உடன்பிறந்தாரிடமிருந்து காக்க அடிவயிற்றில் மையால் எழுதிய பெயரும் குறைகள் அல்ல. இன்விக்டா பொம்மையின் அடிவயிற்றில் விலங்கின் பெயரையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் வார்ப்பிலேயே பொறித்திருந்தனர். அவற்றுக்கு அருகில் குழந்தை தன் பெயரை எழுதியிருக்குமானால், விற்பனைப் பட்டியலில் அது பழுது எனக் குறிக்கப்பட்டு விலை குறையும். வாங்கியவர் அதனைத் துடைத்துவிடவும் கூடும்.